கன்சோலா, கம்ப்யூட்டரா? கிராஃபிக்ஸை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்!

2024 நவம்பர் 7-ம் தேதி சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை வெளியிட்டது. பழைய பிளேஸ்டேஷன் 5-ஐ விட 45 சதவீதம் வேகமாகப் படம் வரையும் என்றார்கள். அமெரிக்காவில் விலை 699.99 டாலர். இந்தியாவுக்கு அப்போது அது வரவில்லை. விலையைப் பார்த்து பயந்துவிட்டார்களா? இல்லை. காரணம், வை-ஃபை! அதில் இருந்த வை-ஃபை 7 வசதி 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துவது. அந்த அலைவரிசையை நம் அரசு அப்போது பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடவில்லை. மத்திய தொலைத்தொடர்புத் துறை அதற்கான வரைவு விதிகளை வெளியிட்டதே 2025 மே மாதத்தில்தான்.

ஒரு கன்சோலின் கிராஃபிக்ஸ் நம் வீட்டு ஹாலுக்கு வருவதை ஒரு வை-ஃபை விதி தடுத்துவிட்டது. "கன்சோல் கிராஃபிக்ஸ் ஜெயிக்குமா, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் ஜெயிக்குமா" என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இதையெல்லாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நான் பேசப்போவது தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், கூடுவாஞ்சேரி பக்கத்து வீடுகளைப் பற்றி. ஐம்பதாயிரமோ அறுபதாயிரமோ சேர்த்து வைத்து, ஒரே ஒரு மெஷின் வாங்கப்போகிற வீடு. அந்த வீட்டுக்கு இந்தச் சண்டையால் என்ன லாபம்?

நான் பள்ளியில் படித்த காலத்தில் கிழக்குத் தாம்பரத்தில் இரண்டு வகைக் கடைகள் இருந்தன. ஒன்று பிரவுசிங் சென்டர். அங்கே கம்ப்யூட்டரில் ஜிடிஏ வைஸ் சிட்டி ஆடலாம். இன்னொன்று பிளேஸ்டேஷன் 2 வைத்த கேம் சென்டர். இரண்டு திரைகளையும் பார்த்தாலே இவை வேறு வேறு ஜாதி மெஷின்கள் என்று தெரியும். உண்மையும் அதுதான். பிளேஸ்டேஷன் 2-க்குள் இருந்தது எமோஷன் எஞ்சின் என்ற தனி சிப். 2006-ல் வந்த பிளேஸ்டேஷன் 3-க்காக சோனி, தோஷிபா, ஐபிஎம் மூன்றும் சேர்ந்து செல் என்ற பிராசசரையே உருவாக்கின. கேம் எழுதுகிறவர்களின் தலைமுடியை உதிரவைத்த சிப் அது!

2013-ல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது அந்தக் கதை முடிந்தது. உள்ளே இருந்தது ஏஎம்டி நிறுவனத்தின் எட்டு கோர் பிராசசரும் ஏஎம்டி கிராஃபிக்ஸும். நம் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டருடைய அதே குடும்பம். அன்றிலிருந்து கன்சோல் என்பது, மூடி திறக்க முடியாத ஒரு கம்ப்யூட்டர்தான். இன்றைய பிளேஸ்டேஷன் 5-லும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-லும் இருப்பவை ஏஎம்டியின் ஜென் 2 பிராசசர், ஆர்டிஎன்ஏ 2 கிராஃபிக்ஸ், 16 ஜிபி மெமரி. இதே தலைமுறைச் சிப்களைக் கடையிலும் வாங்கலாம்.

அப்படியானால், மின்சார ரயில் ஏறி ரிச்சி ஸ்ட்ரீட் போய், அதே தரத்தில் பாகங்கள் வாங்கிப் பொருத்தினால் அதே படம் வருமா? காகிதத்தில் வரும். நிஜத்தில் பல கேம்களில் திக்கித் திக்கி வரும். இதற்கு முக்கியமான காரணம் ஷேடர். ஒரு சுவரில் வெளிச்சம் எப்படி விழ வேண்டும், தண்ணீர் எப்படி மினுமினுக்க வேண்டும் என்று சொல்லும் குட்டிக் குட்டி புரோகிராம்கள் இவை. இவற்றை அந்தந்த கிராஃபிக்ஸ் சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்ற வேண்டும். கன்சோலில் எல்லார் வீட்டிலும் ஒரே சிப் என்பதால், கேம் கம்பெனியே முன்கூட்டி மாற்றிக் கொடுத்துவிடுகிறது. கம்ப்யூட்டரிலோ ஆளுக்கு ஒரு கார்டு, ஆளுக்கு ஒரு டிரைவர். ஆகவே அந்த வேலை உங்கள் வீட்டில், உங்கள் பிராசசர் தலையில் விழுகிறது. 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் கம்ப்யூட்டருக்கு வந்தபோது, ஷேடர் மாற்றுவதற்கே வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, கேம் திக்குகிறது என்று ஊரே திட்டியது. பிறகு அடுக்கடுக்காக பேட்ச் வந்தது.

என் தொழில் மென்பொருள் எழுதுவது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எது கட்டாயம் ஓட வேண்டுமோ அதற்குத்தான் எந்த டீமும் முதலில் உழைக்கும். பெரிய கேம்களைப் பொறுத்தவரை அது கன்சோல். ஜிடிஏ 5 கன்சோலுக்கு வந்தது 2013 செப்டம்பரில். கம்ப்யூட்டருக்கு வந்தது 2015 ஏப்ரலில். ஜிடிஏ 6-ஐ ராக்ஸ்டார் 2023 டிசம்பரில் அறிவித்தபோதும் கன்சோல்களுக்கு என்று மட்டுமே சொன்னார்கள். ஆக, கிராஃபிக்ஸுக்கு அஸ்திவாரம் போடுவது கன்சோல். கம்ப்யூட்டர் அதன் மேல் மாடி கட்டுகிறது. கூடுதல் ரெசல்யூஷன், கூடுதல் பிரேம், தாராளமான ரே டிரேசிங் எல்லாம் மாடிதான். மாடி அழகாக இருக்கும், மறுக்கவில்லை. அதற்கு எவ்வளவு செலவு, அது நம் கண்ணுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

கண்ணை முதலில் பார்ப்போம். சாதாரணக் கண்ணால் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்க முடியும். எட்டு அடி தூரத்தில் அது சுமார் 0.7 மில்லிமீட்டர். நம் ஹாலில் இருக்கும் 43 அங்குல டிவியில், முழு எச்டி படம் ஓடினால்கூட ஒரு பிக்ஸலின் அகலம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதாவது, சோபாவில் சாய்ந்து ஆடுகிறவருக்கு முழு எச்டியே ஏறக்குறைய போதும். 4கே என்ற சொல்லுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி கண்ணுக்கு வந்து சேராது. (பிரேம் வேகமும் எச்டிஆர் வெளிச்சமும் வேறு விஷயம், அவை நன்றாகவே தெரியும்.) கம்ப்யூட்டர்காரர் மானிட்டரிலிருந்து இரண்டடி தூரத்தில் உட்காருவதால் அவருக்கு வித்தியாசம் தெரிகிறது. கிட்டத்தில் உட்காருவதாலேயே அவர் அதிகம் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்றும் சொல்லலாம்!

அடுத்து, அந்தப் படத்தை யார் வரைகிறார்கள்? 2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் நின்று, 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு பழைய ஆர்டிஎக்ஸ் 4090-க்குச் சமம் என்றார். 4090 வெளியான விலை 1,599 டாலர். எப்படிச் சமமாகும்? டிஎல்எஸ்எஸ் 4 என்ற உத்தியைச் சேர்த்துக்கொண்டால்தான் ஆகும். முழு எச்டி அளவில் வரைந்த படத்தை 4கே அளவுக்கு ஊதிப் பெரிதாக்கினால் நான்கில் ஒரு பங்கு பிக்ஸல்தான் நிஜம். அதன்பின் ஒரு நிஜ பிரேமுக்கு மூன்று பிரேம்களை செயற்கை நுண்ணறிவு ஊகித்து இடையில் சேர்க்கிறது. பெருக்கிப் பாருங்கள். பதினாறு பிக்ஸலில் ஒன்றுதான் கணக்கிட்டது, மீதி பதினைந்தும் ஊகம்.

ஊகித்துப் பெரிதாக்குவதை நான் குறை சொல்ல மாட்டேன், இப்போது அது பிரமாதமாக வேலை செய்கிறது. பிளேஸ்டேஷன் 5 ப்ரோவிலும் பிஎஸ்எஸ்ஆர் என்ற பெயரில் இதே உத்திதான். ஆனால் இடைச்செருகல் பிரேம்களை வேகக் கணக்கில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் பட்டனை அழுத்தியதற்கு அந்த பிரேம்கள் பதில் சொல்வதில்லை. கண்ணுக்கு மட்டும்தான் வழுவழுப்பு. கடைக்காரர் 200 பிரேம் என்று சொன்னால், "இதைப் போடாமல் எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள்.

இந்தச் செயற்கை நுண்ணறிவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மொத்த வருமானம் சுமார் 130 பில்லியன் டாலர். அதில் கேமிங் மூலம் வந்தது 11 பில்லியன் சொச்சம்; டேட்டா சென்டர்கள் மூலம் வந்தது 115 பில்லியன். நீங்கள் அந்தக் கம்பெனி முதலாளியாக இருந்தால் சிப்பை யாருக்கு விற்பீர்கள்? 2025-ன் கடைசி மாதங்களில் மெமரி விலையும் இதே காரணத்தால் எகிறியது. இந்த நெருக்கடியில் கன்சோலும் தப்பவில்லை. அமெரிக்காவில் 2000-ல் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2009-ல் 99 டாலருக்குக் கிடைத்தது. காத்திருந்தால் விலை குறையும் என்பது அந்தக் காலத்து நியதி. பிளேஸ்டேஷன் 5-ஐ இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டின் கடைசியில் அதுவே 54,990 ஆனது. காத்திருந்தவர்கள் ஐயாயிரம் கூடக் கொடுத்தார்கள்.

மெஷின் விலையோடு விடாது, மின்சார வாரியமும் பங்கு கேட்கும். 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு முழு வேகத்தில் 575 வாட் இழுக்கும். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்துக்கு 103 யூனிட்டுக்கு மேல். நம் ஊரில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற கணக்கில், அந்தச் சலுகை முழுவதையும் ஒரு கார்டே தின்றுவிடும்! அந்த வாட் அனைத்தும் வெப்பமாக அறையில்தான் இறங்கும். மே மாதத்துப் பெருங்களத்தூரில் அதை விரட்ட ஏசி வேறு போட வேண்டும். பிளேஸ்டேஷன் 5 முழுதாகவே சுமார் 200 வாட், அதே கணக்கில் 36 யூனிட். நம்மில் யார் 5090 வாங்கப்போகிறோம் என்று கேட்பீர்கள். சரிதான். ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற நடுத்தரக் கார்டு 115 வாட்டில் அடங்கிவிடுகிறது, ஆடும்போது கரண்ட் போனாலும் நல்ல யூபிஎஸ் ஒன்று தாங்கும். ஆனால் அந்தக் கார்டு காட்டும் படம் பிளேஸ்டேஷன் 5 படத்திலிருந்து ரொம்ப தூரம் போய்விடாது. மாடி கட்டுவதாகச் சொன்னேனே, அந்த மாடி நடுத்தரக் கார்டில் கிடைப்பதில்லை.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்கள் விலையுயர்ந்த கேம்களுக்காக வந்தவை அல்ல. அவற்றிலும் பையன்கள் எதையாவது ஏற்றி ஆடித் தீர்த்தார்கள். 2023 ஜூலையில் வெளியான வெண்பா என்ற கேமைப் பாருங்கள். டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் செய்தது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், இட்லி, புட்டு, அம்மாவின் பழைய சமையல் புத்தகம். கையால் வரைந்த இரு பரிமாணப் படங்கள், ரே டிரேசிங் எதுவும் கிடையாது. ஸ்விட்ச் போன்ற சக்தி குறைந்த மெஷினிலும் வெளியானது. 2024-ல் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் தலைமைப் பரிசும், பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருதும் வாங்கியது. புனேயில் சிறு குழு ஒன்று செய்து 2020-ல் வெளியிட்ட ராஜி கேமும் அழகில் குறைந்ததல்ல. சிப் வேகம் கூடுவதால் மட்டும் இப்படிப்பட்ட படம் வந்துவிடாது.

சரி, எதைத்தான் வாங்குவது? வீட்டில் கல்லூரி போகும் பிள்ளை இருந்து, கோடிங்கோ கேடோ எடிட்டிங்கோ தேவையென்றால் நடுத்தரக் கம்ப்யூட்டர் வாங்குங்கள். ஸ்டீமில் ரூபாயிலேயே விலை போடுகிறார்கள், தள்ளுபடியும் அடிக்கடி வரும். முழு எச்டி மானிட்டர் போதும், 4கே வேண்டாம். மீதிப் பணத்தை மெமரியில் போடுங்கள். ஏற்கனவே லேப்டாப் இருக்கிறது, இது விளையாட மட்டும்தான் என்றால் கன்சோல். ஆனால் டிஸ்க் டிரைவ் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். பிளேஸ்டேஷனில் பெரிய புது கேம் 4,999 ரூபாய் வரை போகிறது. டிஸ்க்காக இருந்தால் ஆடி முடித்து விற்கலாம், பக்கத்து பிளாக் நண்பனோடு மாற்றிக்கொள்ளலாம். டிஜிட்டல் மாடலில் அந்த வழி அடைபட்டுவிடும். அவ்வளவு பேசப்பட்ட பிளேஸ்டேஷன் 5 ப்ரோவிலும் டிஸ்க் டிரைவ் கிடையாது, தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்ட வேண்டும். அடுத்த தலைமுறை கன்சோல் அறிவிப்பு வரும்போது எல்லோரும் டெராஃப்ளாப்ஸ் எத்தனை என்று தேடுவார்கள். நான் அந்தப் பெட்டியின் முன்பக்கத்தில் டிஸ்க் போட ஒரு கோடு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.