உனக்கு என்ன விடை வந்தது?

மார்ச் மாதத்தில் பிளஸ் டூ கணிதப் பரீட்சை நடக்கும் தினத்தன்று, பகல் ஒன்றேகால் மணிக்குக் கடைசி மணி அடித்து விடைத்தாள்கள் வாங்கிக் கட்டப்பட்ட பிறகு, பொன்னேரியிலோ கவரைப்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டியிலோ ரயிலடிப் பக்கம் போகிறவர்களுக்கு, வருஷத்தின் மற்ற நாட்களில் கேட்கக் கிடைக்காத ஒரு சம்பாஷணை காதில் விழும். "உனக்கு என்ன வந்துச்சு?" "எனக்கு மைனஸ் வந்திருச்சுடா." "கம்பல்சரி சம் தொட்டியா, விட்டுட்டியா?" "ஒன் மார்க்குல எத்தனை போச்சு?" என்று நாலைந்து பிள்ளைகள் ஒரு கசங்கிய வினாத்தாளைச் சுற்றி நின்று, சூளூர்ப்பேட்டை வண்டி வந்து நிற்பதையும் கவனியாமல் வாதாடிக்கொண்டிருப்பார்கள், ஆந்திர எல்லையை ஒட்டிய அந்த வட்டாரத்தில் வாதத்தின் பாதி தமிழிலும் மீதி தெலுங்கிலுமாக நடப்பதும் உண்டு.

இந்தச் சம்பாஷணை நம் பெரியவர்களுக்குப் பிடிப்பதில்லை. எழுதியது எழுதியாயிற்று, இனி அதைப் பேசினால் மார்க் கூடுமா என்பது பெற்றோர் கேள்வி. ஒருவர் விடையை ஒருவர் கேட்டு மனம் குழம்பாமல் அடுத்த பரீட்சைக்குப் படியுங்கள் என்பது உபாத்தியாயர் உபதேசம். இரண்டிலும் உள்ள வாத்ஸல்யத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும், பன்னிரண்டு வருஷ காலம் கணிதம் பயின்ற ஒரு பிள்ளை, எவருடைய ஏவலும் இல்லாமல், மதிப்பெண் வழங்குவார் யாரும் அருகில் இல்லாத நிலையில், தான் போட்ட கணக்கு சரியே என்று காரணம் காட்டி நிலைநாட்ட முயலுகிற சந்தர்ப்பம் அநேகமாக இது ஒன்றாகவே இருப்பதால், அதை அடக்கிவைப்பது கல்விக்குச் செய்யும் உபகாரமாகாது என்பதே என் அபிப்பிராயம்.

பிள்ளைகளின் கலக்கத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. பொறியியல் சேர்க்கைக்கான 200 கட்-ஆஃப் மதிப்பெண்ணில் இயற்பியலும் வேதியியலும் ஆளுக்கு ஐம்பதாகச் சுருங்க, கணிதம் மாத்திரம் நூறும் நூறாகவே நிற்கிறது. ஆகையால் ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்று தவறினால் கட்-ஆஃபில் ஐந்தும் முழுசாகப் போகும், இயற்பியலில் அதே ஐந்து தவறினால் இரண்டரைதான் போகும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-லிருந்து கிடைத்துவரும் 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் தம்மவர்க்குள் முந்துவது யார் என்பதை அதே கட்-ஆஃப்தான் நிர்ணயிக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே வாயிலில் நுழையும் பொறியாளருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உள்ள வித்தியாசத்தை நாள்தோறும் பார்த்துவிட்டு வீடு திரும்பும் தகப்பனுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவன் மகளுக்கும் அது தெரியும். தெரிந்திருப்பதனால்தான், 'போச்சு' என்று ஒரு தோழி சொன்ன மாத்திரத்தில் அவள் முகம் வாடிவிடுகிறது.

ஆனால் அவள் முகம் வாடுவதற்கு நியாயம் இருந்ததா என்பதை யார் பார்த்தார்கள்? இந்த இடத்தில்தான் கணிதத்தின் சுபாவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கணக்குக்கு ஒரே விடைதான் என்று நாம் பொதுவாக நம்புகிறோம். அந்த ஒரே விடை பல வேஷங்களில் வரக்கூடும் என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. வகைக்கெழு 'சைன் எக்ஸ், கொசைன் எக்ஸ்' இரண்டின் பெருக்கலாக உள்ள ஒரு சமன்பாட்டுக்குத் தீர்வு காணச் சொன்னால், ஒருவன் சைன் வர்க்கத்தில் பாதியோடு ஒரு மாறிலியைக் கூட்டி எழுதுவான்; இன்னொருத்தி கொசைன் வர்க்கத்தில் பாதியைக் கழித்தற்குறியோடு போட்டு மாறிலியைச் சேர்ப்பாள்; மூன்றாமவன் இரட்டைக் கோணத்துக்குப் போய், கொசைன் இரண்டு எக்ஸில் கால் பங்கை மைனஸோடு எழுதியிருப்பான். மூவரும் ரயிலடியில் சந்தித்தால் மூவருக்கும் வயிற்றைக் கலக்கும். உண்மையில் மூவர் விடையும் சரி. அவற்றுக்குள் உள்ள வித்தியாசம் ஒரு மாறாத எண்தான், அது மாறிலிக்குள் அடங்கிப்போகிறது. இரு புள்ளிகள் வழியே செல்லும் நேர்க்கோட்டுக்கு வெக்டர் சமன்பாடு எழுதும்போதும் இப்படியே: முதற்புள்ளியிலிருந்து புறப்பட்டவளும் இரண்டாம் புள்ளியிலிருந்து புறப்பட்டவளும் பார்வைக்கு வேறான இரண்டு வரிகளை எழுதியிருப்பார்கள், கோடு ஒன்றேதான். விடையை மாத்திரம் ஒப்பிட்டுவிட்டு வழியை ஒப்பிடாமல் பிரிந்துபோகிறவர்கள், சரியாகச் செய்த கணக்குக்காக ராத்திரி முழுவதும் வருந்துவார்கள்.

இன்னும் மோசமான ஒன்றும் உண்டு. அந்தக் கூட்டத்தில் வகுப்பின் முதல் மாணவன் ஒருவன் இருந்துவிட்டால், அவன் வாயிலிருந்து வருவதே விடைக்குறிப்பு என்றாகிவிடுகிறது. உரத்த குரலுக்குச் சரியான கணக்கு வழிவிட்டு ஒதுங்குகிறது. இத்தனைக்கும், மாநில அளவில் முதலிடம் யாருக்கு என்று அறிவிக்கும் வழக்கத்தை நம் அரசாங்கம் 2017-லேயே நிறுத்திவிட்டது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலும் கணித டிரைபாஸ் பரீட்சையில் தேறியவர்களை வரிசைப்படுத்திப் பிரசித்தம் செய்துவந்த சம்பிரதாயம் 1909-க்குப் பின் ஒழிந்தது. அந்த வரிசையில் 1898-ல் நான்காம் ஸ்தானம் பெற்றிருந்த ஹார்டி என்பவர்தான் அந்தப் பரீட்சை முறையைக் கடுமையாகக் கண்டித்தவர்களுள் முக்கியமானவர் என்பதும், கணிதமல்லாத பாடங்களால் எஃப்.ஏ. பரீட்சையில் தோற்ற நம் ராமானுஜனை 1914-ல் அங்கே அழைத்துக்கொண்டவர் அவரே என்பதும் நாம் நினைவில் வைக்கத் தக்கவை. ஆனால் காகிதத்தில் ஒழிந்த வரிசை பிள்ளைகள் மனத்திலிருந்து ஒழியவில்லை.

பழைய நாட்களில் இந்த விவாதத்துக்கே அவ்வளவு இடமில்லை. கணிதம் 200 மதிப்பெண்ணுக்கு இருந்த காலத்தில், எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி என்ற புளூபிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு, பத்து மதிப்பெண் கணக்குகளை வரி பிசகாமல் மனப்பாடம் செய்து 'சென்டம்' வாங்கியவர்கள் அநேகர். மனப்பாடம் செய்தவர்கள் தமக்குள் ஒப்பிட என்ன இருக்கிறது? புளூபிரிண்ட் போய், 2019-20-ல் பிளஸ் டூவுக்குப் புதிய பாடநூல்களும் வந்த பிறகு, பாடநூல் பயிற்சிகளில் இல்லாத கேள்வி ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கிறது. உடனே 'கணிதம் கடினம், மாணவிகள் கண்ணீர்' என்று பத்திரிகைகளில் நாம் படத்தோடு எழுதிவிடுகிறோம்; கருணை மதிப்பெண் கோரிக்கை எழுகிறது. 2016-ல் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புக் கணித வினாத்தாளைப் பற்றிய புகார் நாடாளுமன்றம் வரை போயிற்று. வினாத்தாள் நியாயமானதா என்று கேட்பது தவறல்ல. ஆனால் அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட வேண்டியது என்று மட்டும் அத்தனை ஆரவாரத்தில் ஒருவரும் கேட்பதில்லை. சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பி சோதனையில் தேறாவிட்டால் அதை ஒதுக்குவதோடு நிற்காமல் எந்தக் கட்டத்தில் பிசகியது என்று தேடுகிறார்களே, அந்தச் சிரத்தை பிள்ளைகளின் கணக்குக்கு வேண்டாமா?

பொதுத் தேர்வு தினத்தன்று உபாத்தியாயர்கள் கண்காணிப்புப் பணிக்கும், பின்னர் விடைத்தாள் திருத்தும் முகாமுக்கும் போய்விடுவதால், அன்றைக்கே பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள் என்று அவர்களைக் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் அரையாண்டுத் தேர்வும் திருப்புதல் தேர்வுகளும் பள்ளிக்குள்ளேயே நடப்பவை. அவற்றில் கணிதம் முடிந்த மறுநாள், மதிப்பெண்ணைச் சொல்லுவதற்கு முன்பாக, இரண்டு பாடவேளைகளை ஒதுக்கி, ரயிலடியில் நடக்கும் அதே வாதத்தைக் கரும்பலகைக்கு முன்னால் நடத்தினால் என்ன? விடை வேறாக வந்தவர்கள் எழுந்து தத்தம் வழியை எழுதிக் காட்டட்டும். வேறாகத் தோன்றும் இரண்டும் ஒன்றுதானா, அல்லது ஒருவர் எந்த வரியில் குறியைத் தவறவிட்டார் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். முதல் மாணவன் கடைசியில் பேசட்டும். இப்படி இரண்டு மூன்று முறை பழகியவள், மார்ச் மாதத்தில் தோழி "போச்சு" என்றதும் முகம் வாடாமல், "நீ எப்படிப் போட்டாய்?" என்று திருப்பிக் கேட்பாள்.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்துத் தலைமையாசிரியர்களை நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. வருகிற அரையாண்டுத் தேர்வுக்கே இதைத் தொடங்கலாம். இதற்கு அரசாணை வேண்டியதில்லை, பாடவேளை அட்டவணை அவர்கள் கையில்தான் இருக்கிறது.