மனையா வளர்ந்தது?

2024-ம் வருஷக் கடைசியில் ஒரு நாள் என் நண்பர் ஒருவர் வீடு தேடி வந்தார். கையில் ஒரு கிலோ மைசூர்பாகு. பேரன் பிறந்திருக்கிறானாக்கும் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய விசேஷம்: மனையை விற்றுவிட்டார்!

"2001 டிசம்பரில் 5 லட்சத்துக்கு வாங்கினது, ஸார். இன்றைக்கு 20 லட்சம்! சும்மா கிடந்த மண் 15 லட்சம் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது" என்றார். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் மனை வாங்காத எல்லாக் கணவன்மார்களுக்கும் தெரியும்.

இனிப்பைத் தின்றுவிட்டு, கொடுத்தவரோடு சண்டை போடுவது மரியாதையல்ல. பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் இவரைப் போன்றவர்கள் பேச்சைக் கேட்டு, மனைவியின் சங்கிலியை அடகு வைத்து மனைக்கு முன்பணம் கட்டுகிறவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது சொல்லித்தான் ஆகவேண்டும்: சும்மா கிடக்கும் மண் சம்பாதிப்பதில்லை. உழுதால் நெல் கொடுக்கும். வீடு கட்டினால் வாடகை கொடுக்கும். வேலி போட்டுப் பூட்டிவைத்தால் சீமைக்கருவேல்தான் கொடுக்கும்.

பின்னே அந்த 15 லட்சம் எங்கிருந்து வந்தது? நான் கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பை நிறுத்தியவன், பொருளாதார நிபுணனல்ல. ஆனால் பெருக்கல் தெரியும். விலைவாசி ஏற்றத்துக்காக வருமான வரிக் கணக்கில் வருஷந்தோறும் ஓர் எண் அறிவிக்கிறார்கள். 2001-02-க்கு அது 100, 2024-25-க்கு 363. அதாவது, அன்றைய 100 ரூபாய் 363 ரூபாயானால்தான் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று அர்த்தம். நண்பரின் 5 லட்சத்தை அப்படிப் பெருக்குங்கள்: 18 லட்சத்து 15 ஆயிரம். 20 லட்சத்தில் மிச்சம் 1 லட்சத்து 85 ஆயிரம். 23 வருஷக் காவலுக்கு இதுதான் கூலி! பத்திரச் செலவு, தரகு, வேலி எல்லாம் இதில்தான் கழியவேண்டும். போதாததற்கு, விலைவாசி ஏற்றத்தில் முக்கால் பங்கைத்தான் இந்த எண் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. முழு ஏற்றத்தையும் சேர்த்தால், நண்பர் மைசூர்பாகு கொடுத்துக் கொண்டாடியது தம் நஷ்டத்தைத்தான்.

மனை வளரவில்லை, ரூபாய் தேய்ந்தது. முழக்கோலை நறுக்கிவிட்டு, துணி நீண்டுவிட்டது என்று குதிக்கிற ஜவுளிக் கடைக்காரனை நீங்கள் என்ன சொல்வீர்கள்?

இந்தக் குதிப்பில் சர்க்காரும் சேர்ந்துகொண்டுவிட்டது. 2024 ஜூலை 23 முதல் மனை வாங்கி, நீண்ட நாள் வைத்திருந்து விற்கிறவர்களுக்கு அந்த எண்ணால் பெருக்கிக் கழிக்கும் சலுகை கிடையாது. வரி விகிதம் 20-லிருந்து 12.5 சதவிகிதமாகக் குறைந்தது வாஸ்தவம். ஆனால் தேய்மானமும் லாபமாகிவிட்டதே! நண்பர் பழைய மனைக்காரர். பழைய முறையிலேயே கணக்குப் பார்த்து 37,000 ரூபாயோடு தப்பலாம். புதிய முறையில் அதே மனைக்கு 1,87,500.

"அந்தப் பணத்தைப் பாங்கியில் சேமிப்புக் கணக்கில் போட்டிருந்தால் இன்னும் மோசமாகத் தேய்ந்திருக்காதா?" என்று கேட்பீர்கள். தேய்ந்திருக்கும்; மறுக்கவில்லை. மழைக்கு ஒதுங்க ஒரு கூரை வேண்டியதுதான். ஆனால் ஒதுங்கியவன் நனையவில்லையே தவிர, சம்பாதித்துவிடவில்லை. அந்தக் கூரைக்கு என்ன விலையும் கொடுக்கலாம் என்று நம்பவைப்பதில்தான் வியாபாரமே இருக்கிறது. "விலைவாசி ஏறப்போகிறது, இன்றே வாங்குங்கள்" என்கிறவர் நாளைய ஏற்றத்தை இன்றைய விலையிலேயே சேர்த்து வாங்கிவிடுகிறார். கடன் கொடுக்கிறவர் அதையே வட்டியில் சேர்த்துக்கொள்கிறார். 50 லட்சம் கடன், 8.5 சதவிகித வட்டி, 20 வருஷத் தவணை என்றால், மாதம் ஏறக்குறைய 43,400 ரூபாய். கட்டி முடிக்கும்போது ஒரு கோடியைத் தாண்டிவிடும். போகப்போகத் தவணை லேசாகிவிடும் என்பார்கள். உண்மைதான், விலைவாசியோடு சம்பளமும் ஏறினால்!

இரண்டு மாதம் கழித்து நண்பர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை கை காலி. மனை விற்ற பணத்தைக் கொண்டு பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சென்னையில் வீடு வாங்கப் போயிருக்கிறார். "நாம் பார்த்த இடங்களிலெல்லாம் 20 லட்சம் பாதி வீட்டுக்குக்கூடக் காணாது என்கிறார்கள், ஸார். என்ன அநியாய விலை!" என்று குமுறினார்.

விற்கும்போது லாபமாக இருந்த ஏற்றம் வாங்கும்போது அநியாயமாகிவிட்டது!

குடியிருக்க வீடு வேண்டும், தவணை தாங்கும் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் விலையை ரூபாயில் பேசாதீர்கள். நம் பாட்டனார்கள் நிலத்தின் மதிப்பை அதில் விளையும் நெல்லைக் கொண்டு பேசினார்கள். கலம் தேய்வதில்லை. சம்பளக்காரர்களாகிய நாம் மாதக் கணக்கில் பேசுவோம். அப்பா எத்தனை மாதச் சம்பளத்தில் மனை வாங்கினார்? மகள் எத்தனை மாதச் சம்பளம் கொடுத்தால் அதே மனை கிடைக்கும்? மகளின் கணக்கு நீண்டிருந்தால், அன்று லாபம் என்று நினைத்து நாங்கள் தின்ற மைசூர்பாகு அவள் இலையிலிருந்து எடுத்ததுதான்.