வறியோர்க்கே சிறையா?

தருமபுரி மாவட்ட வாச்சாத்தியில், 1992 சூன் 20 அன்று, பதுக்கிய சந்தனமரம் தேடுவதாகக் கூறிக் காட்டுத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்தன. பெண்கள் 18 பேர் வன்புணரப்பட்டனர்; மலைமக்களோ, பெண்டிரும் பிள்ளைகளுமாய், சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர்! கொடுமையிழைத்த அலுவலர் 215 பேர்க்கு ஒறுப்பு வழங்கப்பட்டது 2011இல். உயர்முறைமன்றம் அதனை உறுதிசெய்தது 2023இல். வறியோனுக்குச் சிறை உடனே. வலியோனுக்கோ ஆண்டுகள் பல!

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 76 பேர் தீர்ப்பே பெறாதோர். பிணைப்பணம் இன்மையே பலர்க்கும் பூட்டு. கூலியிழந்து, கடன்பட்டு, பழிசுமந்து வெளிவருவோனுக்கு வேலை மறுக்கும் ஊரே அவனை மீண்டும் குற்றத்திற்குத் தள்ளுகின்றது.

பணங்கேளாப் பிணை, தாய்மொழியில் வழக்காடல், சிறைக்குள் கல்வியும் கைத்தொழிலும், வெளியே வேலை: இவை வேண்டும். சிறை பெருக்குவதன்று, குற்றத்தின் வேரறுப்பதே அரசு!