நட்சத்திரம் நகர்ந்தால் ரசிகரும் நகர்வார்

பத்தாண்டுகள் டாட்டன்ஹாம் அணிக்காக ஆடிய சோன் ஹியூங்-மின், 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் எஃப்சி அணிக்குச் சென்றுவிட்டார். அவருக்காக நள்ளிரவில் கண்விழித்த தென் கொரிய ரசிகர்கள் இனியும் அந்த லண்டன் அணியைப் பின்தொடர்வார்களா? பெரும்பாலோர் தொடர மாட்டார்கள் என்றே கருதுகிறேன். பார்க் ஜி-சுங் ஆடிய காலத்தில் மான்செஸ்டர் யுனைடெட் பெற்றிருந்த இடத்தைத்தான் பின்னர் டாட்டன்ஹாம் பெற்றது.

இதை விசுவாசமின்மை என்று பழிப்பது நியாயமன்று. பார்க், சோன், லீ காங்-இன் ஆகிய மூவருமே தொழில்முறை ஆட்டத்தை வெளிநாட்டில் தொடங்கியவர்கள். 1983இல் தொடங்கிய உள்நாட்டுப் போட்டியான கே லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர்கள். தம் நாட்டின் தலைசிறந்த வீரர்களை அயல்நாட்டு அணியின் சீருடையில் மட்டுமே காண முடிகிற ரசிகர், வீரரைப் பற்றிக்கொள்வதில் வியப்பென்ன?

உள்நாட்டு அரங்குகளுக்கும் ஆள் வராமலில்லை. இங்கிலாந்து வீரர் ஜெஸ்ஸி லிங்கார்ட் எஃப்சி சியோல் அணியில் சேர்ந்தபின், 2024 மார்ச்சில் அதன் முதல் உள்ளூர் ஆட்டத்தைக் காண 51,670 பேர் திரண்டனர். ஒரு பெயர் கூட்டத்தை அழைத்துவரும். அந்தப் பெயர் போன பின்பும் கூட்டத்தைத் தக்கவைப்பது ஊரின் அணியால் மட்டுமே இயலும். கே லீக் நிர்வாகிகள் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.