படம் திருத்த மடிக்கணினி வாங்கப் போகிறீர்களா?



"மகன் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறான். எடுத்த படத்தைத் திருத்த மடிக்கணினி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். எதை வாங்கிக் கொடுப்பது?" என்று கேட்கும் பெற்றோர் நம் தோட்டப்புறங்களில் பலர் இருக்கிறார்கள். பிள்ளை கேட்பதில் தவறில்லை. திருமணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று படமெடுப்பவருக்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது. நன்றாகப் பழகிக்கொண்டால் அது வயிற்றுப் பிழைப்புக்கு உதவும் தொழில்.

ஆனால் பணத்தையும் நினைத்துப் பாருங்கள். 2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. 3,000 வெள்ளிக்கு ஒரு மடிக்கணினி வாங்கினால், அது ஒருவர் இரண்டு மாதம் உழைத்த கூலியை ஏறக்குறைய விழுங்கிவிடும். ஆகவே ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. கடைக்காரர் சொல்வதைக் கேட்குமுன், நமக்கு எது தேவை என்பதை நாமே தெரிந்துகொள்வோம்.

முதலில் பார்க்க வேண்டியது திரை. பலர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். படம் திருத்துபவருக்குத் திரைதான் கண். மலிவான திரைகளில் பல, நிறங்களில் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகின்றன. மணப்பெண்ணின் அரக்குச் சேலை அதில் மங்கலாகத் தெரியும். பையன் என்ன செய்வான்? நிறம் போதவில்லை என்று எண்ணிச் சிவப்பைக் கூட்டுவான். அச்சிட்டு வந்த பிறகு பார்த்தால் சேலை நெருப்பாக எரியும், பெண்ணின் முகமும் சிவந்துபோயிருக்கும். ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்தால் நட்டம் யாருக்கு?

இதற்கு ஓர் அளவு உண்டு. எஸ்.ஆர்.ஜி.பி. என்பது அந்த அளவின் பெயர். 1996இல் வகுக்கப்பட்ட இந்த நிற அளவைத்தான் பெரும்பாலான அச்சகங்களும் கைப்பேசிகளும் அடிப்படையாகக் கொள்கின்றன. ஆகவே விவரத் தாளில் "எஸ்.ஆர்.ஜி.பி. 100 விழுக்காடு" என்று இருக்கிறதா என்று பாருங்கள். "என்.டி.எஸ்.சி. 45 விழுக்காடு" என்று போட்டிருந்தால் அது தேவையான நிறங்களில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடக் காட்டாது. "என்.டி.எஸ்.சி. 72 விழுக்காடு" என்றால் எஸ்.ஆர்.ஜி.பி. அளவை ஏறக்குறைய எட்டிவிடும். ஐ.பி.எஸ். வகைத் திரையாகவும் இருக்கட்டும். பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதில் நிறம் அவ்வளவாக மாறாது. ஆனால் ஐ.பி.எஸ். என்ற பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். நிறம் குறைந்த ஐ.பி.எஸ். திரைகளும் விற்பனையில் இருக்கின்றன.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். நன்றாக அச்சான ஒரு திருமணப் படத்தையும், அதே படத்தை ஒரு பென்டிரைவிலும் கொண்டு போங்கள். திரையில் அதைத் திறந்து, அச்சுப் படத்தைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். சேலை, தோல், மாலையின் மஞ்சள், வேட்டியின் வெள்ளை ஆகிய நான்கும் ஓரளவு ஒத்திருக்க வேண்டும். பிறகு மூடியை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். படம் கறுத்தோ வெளுத்தோ போனால் அந்தத் திரை வேண்டாம்.

இரண்டாவது ரேம். பால்மரம் சீவிய நம் பெரியவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். ரேம் என்பது கையில் இருக்கும் வாளி. உள்ளே படங்களைச் சேர்த்து வைக்கும் இடம் ஸ்டோரில் இருக்கும் பெரிய தொட்டி. வாளி சிறிதானால் என்ன ஆகும்? நாலு மரத்துக்கு ஒரு தரம் ஸ்டோருக்கு நடக்க வேண்டும், வேலை ஓடாது. கணினியும் அப்படித்தான். ரேம் போதாதபோது அது அடிக்கடி தொட்டிக்கு ஓடுகிறது, திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. படம் திருத்த 16 ஜி.பி. ரேம் வேண்டும். 8 ஜி.பி. பழகுவதற்கு மட்டுமே போதும். "பின்னால் ரேமைக் கூட்ட முடியுமா, பலகையோடு ஒட்டி வைத்ததா?" என்றும் கேளுங்கள். ஒட்டியதாக இருந்தால், வாங்கும் நாளில் உள்ள அளவுதான் கடைசிவரை.

மூன்றாவது சேமிப்பு இடம். பழைய வகை ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்.எஸ்.டி.தான் வேண்டும். குறைந்தது 512 ஜி.பி. 24 மெகாபிக்சல் கேமராவில் திருத்துவதற்கென்று எடுக்கும் மூலப் படம் ஒன்று 25 முதல் 30 எம்.பி. வரை வரும். ஒரு கல்யாணத்தில் 1,500 படம் எடுத்தால் ஏறக்குறைய 40 ஜி.பி. பத்துக் கல்யாணத்தில் அந்த இடம் நிறைந்துவிடும். ஆதலால் வெளியே இணைக்கும் டிஸ்க் ஒன்றுக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள். படங்கள் எப்போதும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். மடிக்கணினி பழுதானால் வேறு வாங்கலாம். தாலி கட்டிய நேரத்தையும், அன்று ஆசீர்வதித்த பாட்டியையும் எந்தக் கடையில் வாங்குவது?

நான்காவதுதான் கணினியின் மூளையாகிய புராசசர். கோர் ஐ5, ரைசன் 5 வகையில் அண்மையில் வந்தது எதுவும் இவ்வேலைக்குத் தாங்கும். "இது ஐ7" என்று சொல்லி ஏழெட்டு ஆண்டு பழையதைத் தலையில் கட்டுவார்கள். புதிய ஐ5 பெரும்பாலும் அதைவிட வேகமாக ஓடும். விளையாட்டுக்கென்று செய்த, வண்ண விளக்கு எரியும் மடிக்கணினியும் அவசியமில்லை. அதில் உள்ள தனி கிராபிக்ஸ் அட்டைக்குத்தான் விலை கூடுகிறது. வெளிச்சம் கூட்டுவது, நிறம் சரிசெய்வது, வெட்டுவது போன்ற வேலைகளுக்கு அது இல்லாமலே முடியும்.

பழையது வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இண்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. விலை மலிவு என்று அவற்றை வாங்காதீர்கள். அடிப்பக்கம் உப்பியிருந்தால் பேட்டரி கெட்டது என்று பொருள், அது ஆபத்தும்கூட.

மென்பொருளுக்கும் செலவு உண்டு. போட்டோஷாப் செய்யும் அடோபி நிறுவனம் 2013இலிருந்து சந்தா முறைக்கு மாறிவிட்டது; கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிம்ப், டார்க்டேபிள் ஆகியவை இலவசம். பிள்ளை முதலில் இவற்றில் பழகட்டும். சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு சந்தாவை அவனே கட்டட்டும். திருட்டுப் பிரதி மட்டும் வேண்டாம். அதோடு வைரஸும் வரக்கூடும்.

இனி தவணைக் கணக்கு. "மாதம் 199 வெள்ளிதான்" என்று சொன்னதும் மயங்கிவிடாதீர்கள். எத்தனை மாதம் என்று கேளுங்கள். 24 மாதம் என்றால் மொத்தம் 4,776 வெள்ளி. அதே பொருளின் ரொக்க விலை 3,500 என்று வைத்துக்கொள்வோம். 1,276 வெள்ளி கூடுதலாகப் போகிறது. அந்தப் பணத்தில் வெளி டிஸ்க்கும் வாங்கி, மிச்சமும் பிடிக்கலாம். கூட்டுப் பணம் கைக்கு வரும்வரை நான்கு மாதம் பொறுப்பது நட்டமல்ல. அதற்குள் பிள்ளை உண்மையிலேயே இதில் ஊன்றி நிற்கிறானா என்பதும் தெரிந்துவிடும்.

ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள். சொன்ன பொருள் ஒன்று, கொடுத்தது வேறொன்று என்றால் வாயடைத்து நிற்க வேண்டியதில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுச் செய்யலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. ரசீது இல்லாவிட்டால்தான் நம் பேச்சு எடுபடாது.

கடைக்குப் புறப்படுமுன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: எஸ்.ஆர்.ஜி.பி. 100 விழுக்காடு, ரேம் 16, எஸ்.எஸ்.டி. 512, விண்டோஸ் 11, ரொக்க விலை எவ்வளவு, உத்தரவாதம் எத்தனை ஆண்டு. தாளைப் பிள்ளையின் கையில் கொடுத்து அவனையே கேட்கச் சொல்லுங்கள். பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும். ஆறு கேள்விக்கும் விடை கிடைத்த பிறகு அதை வெளியே எடுங்கள்.