மூணு குடம் கொட்டு, ஒரு குடம் குடி

தண்ணீரைக் கொட்டினால் அடி விழும் வீட்டில் வளர்ந்தவள் நான். அரிசி களைந்த கழுநீர் மாட்டுத் தொட்டிக்குப் போகும், கை கழுவின தண்ணீர் வாழைக்குப் போகும். அடிபம்பு வரிசையில் குடம் ஒன்று முன்னே பின்னே நகர்ந்தால் தெருவே கூடிவிடும். அப்படிப்பட்டவளின் சமையலறைச் சுவரில் ஆர்ஓ தண்ணீர்ச் சுத்திகரிப்புக் கருவி என்று ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டி, அதன் பின்பக்கத்திலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை இழுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் விட்டு, "இது ரிஜெக்ட் தண்ணி மேடம், அப்படியே சிங்க்ல போயிடும், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு லிட்டர் குடிக்க, மூன்று லிட்டர் சாக்கடைக்கு. ஒண்ணும் பண்ண வேணாமாம்!

இந்தப் பெட்டியை யார் கேட்டார்கள்? எங்களுக்கு வருவது சென்னை மெட்ரோ வாட்டர். போர்வெல் தண்ணீர் இல்லை. காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தோம். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்து தேறின சமயம் பார்த்து, எங்கோ ஒரு கடை பில்லுக்காக எழுதிக்கொடுத்த செல்போன் நம்பரைப் பிடித்துக்கொண்டு, டை கட்டின ஒரு பையன் வாசலில் வந்து நின்றான். இலவச டெமோவாம். வாங்க வேண்டாம், பார்த்தால் போதுமாம்.

இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டான். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை இரண்டிலும் முக்கிச் சுவிட்சைப் போட்டான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் டம்ளர் மஞ்சளித்து, பழுப்பாகி, பச்சையும் கறுப்புமாகத் திரிந்து, மேலே அழுக்கு நுரை கட்டி நின்றது. அவனுடையது பளிங்கு மாதிரி இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்: "அக்கா, இதையா பாப்பாவுக்குக் குடுத்துட்டு இருக்கீங்க?"

பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்தது பெட்டிக்கு இல்லை. அந்தக் கேள்விக்கு. எந்தத் தாய் அதற்குப் பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பாள்?

இன்றைக்கும் அந்த டெமோ வீடு வீடாக நடந்துகொண்டிருக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததே இல்லை. அது கம்பியில் இருந்த இரும்பு. தண்ணீரில் உப்பும் தாதுக்களும் கரைந்திருந்தால் அதில் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி அரித்து, துருவாகிக் கொட்டும். அலுமினியக் கம்பி வெள்ளையாகத் திரியும். அவன் பாட்டிலில் இருந்தது உப்பெல்லாம் நீக்கின தண்ணீர், அதில் மின்சாரம் அதிகம் பாயாது, கம்பியும் அதிகம் கரையாது, அவ்வளவுதான் சூட்சுமம். அடுத்த முறை யாராவது வந்தால், அவர்களுடைய பளிங்குத் தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுவிட்டு அதே கம்பிகளை முக்கச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும். அப்போது வெட்டின இளநீரை ஊற்றி வைத்தாலும் சேறாகும். இளநீரைக் குடிக்காதே என்று எந்தப் பையனாவது சொல்வானா?

அடுத்து பேனா மாதிரி ஒரு மீட்டர். அதைத் தண்ணீரில் விட்டால் ஒரு எண் காட்டும், அந்த எண்ணைப் பார்த்து அவன் உச்சுக்கொட்டுவான். டிடிஎஸ். தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதற்கான கணக்கு. அந்த மீட்டரும் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்துத்தான் எண்ணைச் சொல்கிறது. கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஈயம் இருக்கிறதா, பூச்சிமருந்து இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. எண் முப்பது காட்டும் தண்ணீரில் காலரா கிருமி நீந்தலாம், எண் நானூறு காட்டும் தண்ணீர் அருமையான குடிநீராக இருக்கலாம். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500 குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. எங்கள் வீட்டுத் தண்ணீர் 500-க்குள்தான் இருந்தது. அந்தப் பையனின் மீட்டரே அதைத்தான் காட்டியது. காட்டிய பிறகும் உச்சுக்கொட்டினான்!

அதிலும் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. இந்தப் பெட்டி கால்சியம், மெக்னீசியம் என்று தண்ணீரில் உள்ள நல்லதையும் சேர்த்து உறிஞ்சித் தள்ளிவிடுகிறது. தள்ளினபின் தண்ணீர் சப்பென்று ஆகிறது. உடனே 'மினரல் கார்ட்ரிட்ஜ்' என்று இன்னொரு குழலை மாட்டி, எடுத்ததைத் திருப்பிச் சேர்க்கிறார்கள். எடுத்ததற்கு ஒரு காசு, திருப்பிப் போட்டதற்கு ஒரு காசு. சில பெட்டிகளில் 'டிடிஎஸ் கன்ட்ரோலர்' என்று ஒரு திருகு இருக்கும். அது என்ன செய்கிறதென்றால், உப்பு நீக்காத தண்ணீரைக் கொஞ்சம் பக்கவழியில் கொண்டுவந்து கலக்கிறது. உப்பு நீக்காத தண்ணீரைக் குடிக்க எனக்குப் பதினெட்டாயிரம் ரூபாய்த் திருகு எதற்கு?

உப்புத் தண்ணீரில் தவிப்பவர்களை நான் சொல்லவில்லை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் ஏறிவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரியில் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் தின்றது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அந்த மாதிரித் தண்ணீருக்கு ஆர்ஓ வேண்டும், கட்டாயம் வேண்டும். வேண்டாதவன் கழுத்தில் கட்டினதைத்தான் கேட்கிறேன்.

கேட்டவள் நான் மட்டுமா? 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே கேட்டது. டிடிஎஸ் 500-க்குக் குறைவான இடங்களில் ஆர்ஓ கருவிக்குத் தடை கொண்டுவரச் சொன்னது. அனுமதிக்கும் இடத்திலும் உள்ளே போகும் தண்ணீரில் 60 சதவீதத்துக்கு மேல் குடிநீராகத் திரும்பி வரவேண்டும் என்றது. அது எந்த வருஷம் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வெடித்துக் கிடந்த வருஷம். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, 50 வேகனில் 25 லட்சம் லிட்டர். தொலைக்காட்சியில் அதற்கு மாலை போட்டதைக் காட்டினார்கள். அந்த நேரத்தில் என் சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 15 லிட்டர் என்று வையுங்கள். அதற்கு 45 லிட்டர் வெளியே போகும். வருஷத்துக்கு 16,000 லிட்டருக்கு மேல். ஊரில் ஒரு லட்சம் வீட்டில் இந்தப் பெட்டி தொங்கினால் நாளைக்கு 45 லட்சம் லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு ரயில். ஒரு கையால் ரயிலுக்கு மாலை, மறு கையால் இரண்டு ரயிலைச் சாக்கடையில் விடுவது. என்னை இதில் கூட்டாளியாக்கினார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சும்மா விட முடியாமல் குழாய் நுனியில் பக்கெட் வைத்தேன். நிரம்பினால் தூக்கிப்போய்க் கழிவறையில் ஊற்ற வேண்டும், தரை துடைக்க வேண்டும். செடிக்கு ஊற்றலாம்தான், ஆனால் உப்பெல்லாம் திரண்ட தண்ணீர், நாள் தவறாமல் ஊற்றினால் மண்ணில் உப்புத் தங்கும். நிரம்பி வழிவதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று சொல்லவா வேண்டும்? "பக்கெட் ரொம்பிடுச்சு பாரு" என்று சோபாவிலிருந்து குரல் மட்டும் வரும். வேலையை மிச்சம் பிடிக்கத்தான் பெட்டி என்றார்கள். காய்ச்சி இறக்கும் வேலை போய், பக்கெட் சுமக்கும் வேலை வந்தது.

இனி சர்வீஸ் கதை. வாங்கின அன்று பூவும் சந்தனமும். வாரன்ட்டி முடிந்ததும் சிவப்பு விளக்கு. அந்த விளக்கு தண்ணீரைப் பார்த்து எரிவதில்லை, நாளைப் பார்த்து எரிகிறது. ஊருக்குப் போய் வீடு பூட்டிக் கிடந்தாலும் அதன் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். போன் செய்தால் "தமிழுக்கு எண் இரண்டை அழுத்தவும்", அழுத்தினால் பாட்டு, பாட்டு முடிந்தால் இந்தியில் ஒரு குரல். வருடப் பராமரிப்புக்கு ஏஎம்சி போட்டிருக்கிறேனே என்றால், "ஏஎம்சில கேண்டில் வராது மேடம், மெம்பிரேன் வராது, மோட்டார் வராது." பிறகு என்னதான் வரும்? ஆள் வருவார். வந்து மூடியைத் திறந்ததும் எல்லாரும் ஒரே வசனம்: "யாரும்மா இத மாட்டினது? டூப்ளிகேட் போட்டுட்டுப் போயிருக்கான்." ஐயா, உங்கள் கம்பெனி ஆள்தான் மாட்டினார், இதோ அவர் கொடுத்த ரசீது. "அவர் இப்ப இல்ல மேடம்."

வேலை ஆரம்பிக்கும் முன்பே ஓடிபி கேட்பார்கள். சொன்னால் அந்த நிமிஷமே 'உங்கள் புகார் வெற்றிகரமாக முடிக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்துவிடும். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கும், கம்பெனிக் கணக்கில் நான் திருப்தியடைந்த வாடிக்கையாளர். கிளம்பும்போது அந்தப் பையன் தயங்கித் தயங்கிக் கேட்பான், "அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க மேடம், கம்மியாச்சுன்னா என் காச புடிப்பாங்க." அவனிடம் என்ன சண்டை போடுவது? வெயிலில் பைக் ஓட்டி, போட்ட பார்ட்ஸுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிப் பிழைக்கிறவன். அவனுக்கு மெம்பிரேன் கெட்டுப்போகத்தான் வேண்டும், கெடாவிட்டால் அவனுக்குச் சோறில்லை. அப்படி ஏற்பாடு செய்துவிட்டு மேலே உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் யாரும் என் வீட்டுக்கு வருவதில்லை.

கம்பெனி போதாதென்று, பெயர் தெரியாத கூட்டம் ஒன்று. மத்தியானம் கண் அசரும்போது போன் அடிக்கும். "மேடம், உங்க வாட்டர் ப்யூரிஃபயர் சர்வீஸ் டியூ ஆயிடுச்சு." எந்தக் கம்பெனி? "வாட்டர் ப்யூரிஃபயர் கம்பெனி மேடம்." அதான் எந்தக் கம்பெனி? "நீங்க என்ன வச்சிருக்கீங்க மேடம்?" 1909-க்குச் செய்தி அனுப்பி, தொல்லை அழைப்பு வேண்டாம் என்று பதிந்துதான் வைத்திருக்கிறேன். இவர்கள் சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து கூப்பிடுகிறார்கள். ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று.

இந்த அழுகையை எங்கே சொன்னாலும் உடனே யோசனை கிடைக்கும், அதற்குப் பஞ்சமே இல்லை. செம்புக் குடத்தில் ஊற்றி வை என்பாள் நாத்தனார். ஆர்ஓ குடித்தால் முட்டி தேயும், முடி கொட்டும் என்று விடியற்காலையில் வாட்ஸ்அப்பில் வரும். மண்பானையில் தேத்தாங்கொட்டையை உரசிப் போடு என்பார் பெரியப்பா. அது கலங்கலைத் தெளியவைக்கும், உண்மைதான், ஆனால் கிருமிக்கு அதை நம்பி உட்கார முடியாது. கேன் போட்டுடுங்கோ என்பாள் மாடிவீட்டு மாமி. அவள் வீட்டுக் கேனை நான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருக்கிறேன், அடியில் பச்சை படர்ந்திருந்தது. லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் இதுவரை பார்த்ததில்லை. யோசனை சொல்பவர்கள் யாரும் பக்கெட் தூக்க வரப்போவதில்லை.

எனக்கு அன்றைக்கு ஒருவரும் சொல்லாததை நான் சொல்கிறேன். டை கட்டினவனின் மீட்டரை நம்பாதீர்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வுக்கூடம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் தண்ணீரைச் சோதித்துக் காகிதத்தில் எழுதித் தருவார்கள். சென்னையில் கிருமிச் சோதனைக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. அந்தக் காகிதத்தில் டிடிஎஸ் 500-க்குள் இருந்து, மற்றதும் வரம்புக்குள் இருந்தால், உங்கள் கவலை கிருமி ஒன்றுதான். அதற்கு யூவி விளக்குப் போட்ட, ஒரு சொட்டும் கொட்டாத கருவி போதும். அதுவும் வேண்டாமென்றால் அடுப்பு போதும், தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்குங்கள். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு, பயப்பட ஒன்றுமில்லை. ஏற்கெனவே பெட்டி மாட்டினவர்கள், கேண்டில் மாற்றுகிற அன்றே அதன்மேல் மார்க்கரால் தேதியைப் போடுங்கள், கழற்றின பழசைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், வேலை முடிந்து சொட்டு நின்றதைக் கண்ணால் பார்த்தபிறகு ஓடிபி சொல்லுங்கள். ஏமாற்றினால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

என் பெட்டியின் முகப்பில் 'ஏழு கட்டச் சுத்திகரிப்பு' என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறது, சிரிக்கிற ஒரு குடும்பத்தின் படம் ஒட்டியிருக்கிறது. ஃபிரிட்ஜ் எவ்வளவு கரன்ட் தின்னும் என்று கதவிலேயே நட்சத்திரம் ஒட்டி விற்கத் தெரிகிறதல்லவா? அதேபோல இதன் நெற்றியிலும், அந்தக் குடும்பம் சிரிக்கிற இடத்தில், ஒரு லிட்டர் கொடுக்க இது எத்தனை லிட்டர் கொட்டும் என்று தமிழில், தங்க எழுத்தைவிடப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். எழுதிவிட்டு வந்து டெமோ காட்டுங்கள். டம்ளர் நான் தருகிறேன், உப்பும் நானே தருகிறேன்.