மணல் மூடிய ஊருக்கு இரண்டு உறுப்பினர்

அயர்லாந்தின் தென்கிழக்குக் கடலோரத்தில், வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்தில், பேனோ என்றொரு துறைமுக ஊர் இருந்தது. 1169-ல் நார்மன் படை வந்திறங்கியது அதன் விரிகுடாவில்தான். பின்னாளில் கடல் மணல் ஊரை மெல்ல மெல்ல மூடியது. குடிகள் வேறிடம் தேடிப் போனார்கள். புனித மேரி தேவாலயத்தின் இடிந்த சுவர்கள் இன்றும் நிற்கின்றன. ஊர் போன பிறகும் டப்ளின் நாடாளுமன்றத்தில் பேனோவுக்கு இரண்டு இடங்கள் இருந்தன, 1800 வரை.

ஆளில்லாத ஊரில் வாக்களித்தது யார்? நிலப்பிரபு கைகாட்டியவரே உறுப்பினர். வேண்டுமானால் இடத்தை விலைக்கும் விடலாம். பக்கத்திலிருந்த குளோன்மைன்ஸும் பாழடைந்த ஊர், அதற்கும் இருவர். 300 பேர் கொண்ட அவைக்கு வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டம் மட்டும் 18 பேரை அனுப்பியது. நாட்டின் பெரும்பான்மையினரான கத்தோலிக்கர் ஒருவர்கூட அந்த அவையில் உட்கார முடியாது.

இப்படிப்பட்ட தொகுதிகள் ஒழிந்தது நல்லதுதான். அவை ஒழிந்த விதத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

அயர்லாந்தை பிரிட்டனோடு இணைக்கும் யோசனையை 1799 ஜனவரியில் டப்ளின் மக்களவை தள்ளிவிட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே அவை 158-க்கு 115 என்ற கணக்கில் இணைப்பின் பக்கம் சாய்ந்தது. நடுவில் பட்டங்களும் பதவிகளும் கைமாறின. ஒழிக்கப்படும் ஒவ்வொரு நகரத் தொகுதிக்கும் 15,000 பவுண்டு இழப்பீடு என்று முடிவானது. மொத்தம் 12,60,000 பவுண்டு. பேனோவின் பங்கு ஈலி பிரபுவுக்கும் அவருடைய உறவினருக்கும் போனது. ஈலி அப்போதே மார்க்விஸ் பட்டமும் பெற்றார்.

இது லஞ்சமல்ல என்று வாதிடுவோர் டவுன்ஷயர் பிரபுவைக் காட்டுவார்கள். இணைப்பைக் கடுமையாக எதிர்த்த அவருக்கும் 52,500 பவுண்டு கிடைத்தது. உண்மைதான். ஆனால் அந்த வாதம் விவகாரத்தை இன்னும் மோசமாக்குகிறது: மக்களவை இடம் வயல்வரப்பைப் போல ஒருவரின் சொத்து என்று அரசே சட்டம் போட்டு ஒப்புக்கொண்டது. அப்போது அங்கே வைஸ்ராயாக இருந்தவர் காரன்வாலிஸ். திப்புவோடு போரிட்ட, 1793-ல் வங்கத்து ஜமீன்தார்களை நிலத்துக்கு உடைமையாளர்களாக்கிய அதே காரன்வாலிஸ். இந்தப் பேரங்கள் தமக்கு அருவருப்பாக இருப்பதாகக் கடிதங்களில் புலம்பினார். வேலையை மட்டும் முடித்துக் கொடுத்தார்.

டப்ளினுக்கு வடக்கே உள்ள சோர்ட்ஸில் கதை வேறு. அங்கே வாக்கு குடியிருப்போரிடம் இருந்தது. தொகுதி என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒற்றை முதலாளி இல்லை. எனவே அந்த 15,000 பவுண்டு ஊர்ப் பிள்ளைகளின் கல்விக்கு ஒதுக்கப்பட்டது. பின்னாளில் டப்ளின் தலைமை அஞ்சலகத்தை வடிவமைத்த ஃபிரான்சிஸ் ஜான்ஸ்டன் அங்கே பள்ளிக்கூடம் கட்டினார். கட்டடம் இப்போது மதுக்கூடமாகிவிட்டது என்பது வேறு விஷயம். வாக்காளர் இருந்த ஊரில் பணம் ஊருக்கே போனது. அவர்கள் இல்லாத ஊரில் பிரபுவின் பைக்குப் போனது.

1832-ல் இங்கிலாந்தின் முறை வந்தது. ஓல்ட் சாரம் உட்பட 56 நகரத் தொகுதிகள் ஒரே சட்டத்தில் ஒழிக்கப்பட்டன. அவற்றுக்கும் பிரபுக்கள் இருந்தார்கள். அவர்களும் விலைகொடுத்து வாங்கியவர்கள்தான். ஆனால் யாருக்கும் ஒரு பென்னிகூட இழப்பீடு கொடுக்கவில்லை. இந்த முறை சட்டத்தை நிறைவேற்ற அவர்களின் சம்மதத்தை விலைக்கு வாங்கவேண்டிய அவசியம் அரசுக்கு இருக்கவில்லை.